திரிஷாவின் பூவாடை

அனுவின் விடுப்பில் இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை காலை சென்னையில் ரயில் ஏறினால் டெல்லி, டெல்லியிலிருந்து விமானம், அப்புறம் ஆப்பிரிக்காவில் அமைதிப்படை முகாம். கிளம்புவதற்குள் அவள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லீவு கேட்டு வந்ததே அதற்காகத்தான். ஆனால் வந்த நாளிலிருந்து மாகறலில் தன் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தாள். இப்போதுதான் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாள்.

துளசியின் ஆட்டோவைத் தேட வேண்டியதில்லை. ஊரில் அந்த ஷேர் ஆட்டோவைத் தெரியாதவர் கிடையாது. பின்பக்கம் முழுக்க ஒரே படம். நீலத் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு பெண். கீழே, ‘லான்ஸ் நாயக் ச. திரிஷா, பிள்ளையார்பாளையம்’. துளசியின் ஒரே மகள். போன ஆடி மாதம் அந்தத் தூரதேசத்து வெள்ளத்தில், கவிழப்போன லாரியிலிருந்து ஆட்களை மீட்கப் போய்ச் செத்தவள்.

“வாம்மா அனு! இன்னா இப்பிடி இளைச்சிட்ட? அங்க சோறு போடறாங்களா, போட்டோல காட்டறாங்களா?” துளசி கையை நீட்டி அவளை முன்சீட்டில் தன் பக்கத்திலேயே இழுத்து உட்கார வைத்தாள். பின்னால் கீரைக்கட்டோடு ஒரு அம்மாளும், ஜரிகைப் பெட்டியை மடியில் வைத்த ஒரு ஆளும் இருந்தார்கள்.

“யாருக்கா இது?” என்றாள் கீரைக்கார அம்மாள்.

“என் பொண்ணோட பட்டாளத்துல சேந்தவ. மாகறல்காரி. ஒரே நாள் செலக்‌ஷன், ஒரே நாள் டிரெயினிங், ஒரே பிளேன்ல போனாளுங்க. இன்னும் அங்கதான் வேலை. இவளுங்க எட்டுப் பேருக்கும் போன மாசமே டைம் முடிஞ்சிபோச்சி. வரமாட்டோம், இன்னும் ஆறு மாசம் இருக்கறோம்னு எழுதிக் குடுத்துட்டாளுங்க. ஏன் தெரியுமா? திரிஷா ஆரம்பிச்ச வேலையாம். முடிக்காம வரமாட்டாளுங்களாம்.” ஆட்டோ காந்தி ரோட்டில் நெளிந்து புகுந்தது. “என் பொண்ணு மூணு பேரக் காப்பாத்துனா. ரெண்டு குழந்த, ஒரு மிலிட்டரிப் பொண்ணு.”

“போன வாரமும் மூணுதான் சொன்னீங்க. இந்த வாரம் ஏத்திட்டீங்களான்னு பாத்தேன்,” என்றார் ஜரிகைப் பெட்டிக்காரர்.

“நான் ஏன் ஏத்தறேன்? கவர்மெண்டு சொன்ன கணக்கு. கேக்க வலிச்சா இறங்கி நடயேன்பா.”

“நடந்தா கதை கேக்க முடியாதே.”

எல்லாரும் சிரித்தார்கள். அனுவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூன்றாவது ஆள், அந்த மிலிட்டரிப் பொண்ணு, அனுதான்.

இது துளசிக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த அதிகாரி ‘உடன் பணிபுரிந்த ஒருவரை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அனு அப்போது அந்த ஊர் ஆஸ்பத்திரியில், நசுங்கிய காலோடு கிடந்தாள். மூன்றாம் நாள் துளசியே போன் செய்தாள். “கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆவலையே? நீ நல்லா இருக்கியா?” என்றுதான் முதல் கேள்வி. அந்தக் குரலுக்கு “ஒண்ணும் ஆவலம்மா” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வரவில்லை. அன்றைக்குச் சொல்லாதது அடுத்த வாரம் இன்னும் கனத்தது. அடுத்த மாதம் அதைவிடவும். மற்றப் பெண்களிடம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் சொல்ல நினைத்தாலும் வழி இல்லை.

“அதுங்களுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது,” என்றாள் துளசி, பயணிகள் இறங்கிய பிறகு. “போன் பண்ணுதுங்க. அதுங்க அழுவுதுங்க, நானும் அழுவறேன், கட் பண்ணிடறோம். நீ ஒருத்திதான் எனக்கு நாக்கு. அதான் கேக்கறேன். அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிச்சிச் சொல்றேன்னியே?”

“சொல்றேம்மா.”

“நாளைக்குள்ள சொல்லு. நாளைக்குத் தென்னேரில பூவாடை.”

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை அந்தப் பக்கத்தில் யாரும் இறந்தவளாக விட்டுவிடுவதில்லை. வருஷம் திரும்பியதும் நீர்க்கரைக்குப் போய், பம்பை மேளம் அடித்து, பேர் சொல்லி அழைத்து, செம்புத் தண்ணீரில் வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுத் தெய்வம். அவளுக்குப் புதுப் புடவை படைப்பார்கள். அதுதான் பூவாடை. துளசியின் கணவர் சத்யராஜ் வீட்டு வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நீர்க்கரையிலிருந்து புடவை முறத்தைச் சுமந்து வருகிறவள்தான் அந்தப் புடவையைக் கட்டிக்கொள்வாள். அதற்கு அப்புறம் அவளும் அந்த வீட்டுப் பெண்.

“புடவை யாருக்குன்னு நாத்தனாரு கேட்டுக்கினே இருக்கறாங்க. அவங்க பொண்ணு தேவிப்ரியாவுக்கு வேணுமாம். நான் முடியாதுன்னுட்டேன்.” துளசி வண்டியைத் தெருமுனையில் ஒடித்துத் திருப்பினாள். “என் பொண்ணு யாருக்காக உசுர உட்டாளோ அவதான் கட்டணும். அவ எந்த ஜாதியோ, எந்த ஊரோ, இந்திக்காரியோ. எனக்கு அது வேணாம். அவள என் ஆட்டோல முன்சீட்டுல குந்த வெச்சி நாலு ராஜவீதியும் சுத்துவேன். பாருங்கடா, என் பொண்ணு சம்பாதிச்சத பாருங்கடான்னு.”

அனு அப்போதே அந்த முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். சத்யராஜின் தறி மட்டும் ஓய்ந்திருந்தது. புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. திரிஷாவின் அப்பா அதிகம் பேசாதவர். அனுவைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, பாயை உதறிப் போட்டார். பிறகு வெள்ளைத் துணிக்குள்ளிருந்து புடவையை எடுத்து வைத்தார். உடல் முழுக்க நீலம். மாம்பழ மஞ்சளில் கரை.

அனு தன் பையிலிருந்து ஒரு நீலக் கழுத்துத் துணியை எடுத்தாள். அமைதிப்படையில் எல்லாரும் கட்டிக்கொள்வது. இது திரிஷாவினுடையது. படையலில் வைக்கச் சொல்லி மற்றவர்கள் கொடுத்தனுப்பியது. சத்யராஜ் அதை வாங்கிப் புடவைமேல் விரித்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நீலம் ஒரு மாத்து தூக்கலாப் போச்சி,” என்றார். “போட்டோவப் பாத்து சாயம் சொன்னேன். தப்பு.”

“இல்லப்பா. துணிதான் அங்க வெயில்ல வெளுத்துப்போச்சி. குடுக்கும்போது இந்தக் கலருதான். நீங்க நெய்ததுதான் சரி.”

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். இடுப்புல கட்டுன கயிறு அவுந்துதான் தண்ணி அடிச்சிக்கினு போச்சின்னு எழுதியிருக்கறாங்களாமே. அதிகாரி சொன்னாரு.” அவர் தறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அது எப்பிடி? பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் இந்தத் தறிக்குழியில எறங்கி அறுந்த இழைய முடிச்சி போடுவா. பட்டு இழை, கண்ணுக்கே தெரியாது. அவ போட்ட முடிச்சி ஒண்ணு அவுந்து நான் பாத்தது கெடையாது. பட்டுலயே அவுரல, கயித்துல அவுந்துடுச்சா?”

“ஏம்பா, விடேன்,” என்றாள் உள்ளேயிருந்து வந்த அவர் அக்கா சுகாசினி. “அவசரத்துல போட்டிருப்பா. தண்ணியில நின்னுக்கினு யாரு நிதானமா கட்டுவாங்க?”

“அதத்தான் ஊரும் சொல்லுது. சத்யராஜ் பொண்ணு முடிச்சி சரியாப் போடலன்னு.” சத்யராஜ் புடவையை மடித்தார். “யாராவது கட்டி உட்டாங்களா பாப்பா?”

“இல்லப்பா. அவளேதான் கட்டிக்கினா.”

“அப்பிடியா,” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவர் தோள் ஒரு விரல்கடை தாழ்ந்ததை அனு பார்த்தாள்.

அவள் கொல்லைப் பக்கம் போய் நின்றாள். சாயம் ஏற்றிய பட்டு நூல் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. ஹவில்தார் ரேணு, குழுவின் தலைவி, ஹரியாணாக்காரி.

“சொல்லிட்டியா?” என்றாள் இந்தியில்.

“இல்ல தீதி.”

“நாளைக்கு வீடியோவுக்காக இங்க மூணு பேர் ரோந்தையே மாத்தி வெச்சிருக்காங்க. யூனிஃபார்ம் இஸ்திரி போட்டாச்சு. உனக்கு என்ன பயம்? அந்த அம்மா உன்னைத் திட்டுவாங்களா?”

“திட்டினா பரவாயில்லயே,” என்றாள் அனு.

திட்டமாட்டார்கள். அதுதான் கஷ்டம். இனி அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் மனதுக்குள் ஒரு தராசு ஏறி இறங்கும். இவள் இருக்கிறாள், அவள் இல்லை. ரேணுவிடம்கூட அவள் முழுவதையும் சொன்னதில்லை. லாரிக்குள் நடந்த ஒன்று இன்னும் அவளோடு மட்டும் இருந்தது.

கரையில் நின்றவர்கள் கண்டது இவ்வளவுதான். ஆற்றைக் கடக்கும்போது லாரி சரிந்தது. உள்ளே இரண்டு உள்ளூர்க் குழந்தைகள், கால் மாட்டிக்கொண்ட அனு. திரிஷா இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் தென்னேரியில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போன விடுமுறைகளில் நீச்சல் பழகியவள். போய் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தாள். திரும்பிப் போய் இன்னொன்றை. மூன்றாம் முறை, அனுவுக்குக் கட்ட இரண்டாவது கயிறு ஒன்றையும் கையில் எடுத்துப் போனாள். அதற்குள் மழை கண்ணை மறைத்துவிட்டது. குரல் கேட்டதும் கரையிலிருந்தவர்கள் இரண்டு கயிற்றையும் இழுத்தார்கள். ஒன்றில் அனு வந்தாள். இன்னொன்று வெறுமனே வந்தது. வெறும் கயிறு திரிஷாவுடையது, முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று எழுதினார்கள். உன் இடுப்பில் கயிற்றைக் கட்டியது யார் என்று விசாரணையில் அனுவைக் கேட்டார்கள். திரிஷா என்றாள். எந்தக் கயிறு என்று யாரும் கேட்கவில்லை.

“அனு, ஒண்ணு சொல்றேன்,” என்றது போனில் ரேணுவின் குரல். “நாங்க இங்க அவ பேரைச் சொல்லித்தான் தினமும் வண்டியில ஏறறோம். நீ மட்டும் அவ பேரைக் கேட்டா தலை குனியற. அது அவளுக்கு மரியாதை இல்ல.”

மறுநாள், ஞாயிறு பிற்பகல், மூன்று ஆட்டோக்கள் தென்னேரிக்குப் போயின. துளசியின் ஆட்டோ முன்னால். ஏரியில் மதகுப் பக்கம்தான் தண்ணீர் இருந்தது. கரையில் மஞ்சள் நீர் தெளித்து, வேப்பிலை செருகி மேலே பூ வைத்த செம்பை வைத்து, முறத்தில் புடவை, வளையல், பூ, நீலக் கழுத்துத் துணி எல்லாம் பரப்பினார்கள். பக்கத்தில் ஒரு புது மூங்கில் பெட்டி. புடவை கட்ட ஆள் அமையாவிட்டால் அடுத்த ஆடிவரை அதில் வைத்து மூடிவிடுவார்கள்.

தேவிப்ரியா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் வெளிறிய வானம், கம்பி வேலி, அதற்கு முன்னால் வரிசையாக ஏழு நீலத் தொப்பிகள்.

“இன்னாடி, அசையவே மாட்டறாங்க? நெட்டு நின்னுபோச்சா?” என்றாள் சுகாசினி.

“நெட்டு நல்லாதான்மா இருக்குது. அட்டென்ஷன்ல நிக்கறாங்க.”

துளசி திரையருகே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “சாப்ட்டீங்களாடி எல்லாரும்?” என்றாள். புரியாமலே ஏழு தலைகளும் ஆடின. பிறகு அவர்களுக்குக் காட்டுவதற்காகவே அவள் புடவையின் முந்தியை ஒருமுறை விரித்துப் பிடித்தாள், ‘எங்க வீட்டுக்காரர் நெய்தது’ என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். திரையில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

பம்பைக்காரர் வேணுகோபால் தோல்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்கினார். முதலில் மெல்ல. பிறகு ஏரிக்கரைப் பனைமரங்களில் மோதித் திரும்பும்படி. பேர் சொல்லி அழைத்தார். பிள்ளையார்பாளையத்துப் பொண்ணே, சத்யராஜ் பெத்த சிங்கமே, கடல் தாண்டிப் போனவளே, கரையேற வாம்மா என்றார். கூடியிருந்தவர்கள் கும்பிட்டார்கள். திரையில் ரேணுவின் ஆணை கேட்டது. ஏழு கைகள் ஒரே வீச்சில் நெற்றிக்கு ஏறின. அனுவின் கையும் தானாக ஏறியது. சேலை கட்டி, தலையில் பூ வைத்து, ஏரிக்கரையில் சல்யூட் அடித்து நிற்கும் அவளை ஆடு மேய்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

செம்பின் மேலிருந்த பூ நழுவித் தண்ணீர்ப் பக்கம் விழுந்தது.

“வந்துட்டா!” என்றாள் துளசி. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல். “வந்துட்டா என் ராஜாத்தி!”

சுகாசினி தன் மகளை மெல்ல முன்னால் தள்ளினாள். இப்படிப்பட்ட நேரத்தில் யாருக்காவது அருள் வந்தால், புடவையை அவளுக்கே கொடுத்துவிடுவார்கள்.

“எனக்கு ஒண்ணும் வரலம்மா,” என்று கிசுகிசுத்தாள் தேவிப்ரியா.

“கொஞ்சம் ஆடிப் பாரேன்டி.”

“போனு கீழ விழுந்துடும்!”

வேணுகோபால் பம்பையைத் தாழ்த்தினார். “அவ வந்துட்டா. இப்ப முறத்த யாரு தூக்கறது? புடவைக்கு உரியவ யாரு?”

 அவர் இன்னொருமுறை கேட்டார். துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“உரியவ ஒருத்தி இருக்கறா. எங்க இருக்கறாளோ, தெரியல. என் பொண்ணு அவள கரையேத்தி உட்டா. அவ வரணும், வந்து கட்டணும். அதுவரைக்கும் பெட்டியில வைங்க.” சுகாசினி வாயைத் திறந்தாள். “வேணாம் அண்ணி. உங்க பொண்ணுக்கு அவரு வேற நெய்து குடுப்பாரு. இது அவளுக்கு.”

சத்யராஜ் குனிந்து முறத்திலிருந்து புடவையை எடுத்தார். ஒரு கையில் புடவை, இன்னொரு கையில் மூங்கில் பெட்டியின் மூடி. அவர் மகளைத் தெய்வமாக அழைத்த இந்த நேரத்தில்கூட அவர் தோள் நேற்றுப் போலத்தான் தாழ்ந்திருந்தது. கூடியிருந்த தெருக்காரர்களில் யாரும் இங்கே திரிஷாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கை தவறியது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருந்தது. அப்பாவுக்கும் அந்த நினைப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

ரேணு சொன்னது அப்போதுதான் அனுவுக்கு உறைத்தது. இத்தனை நாளும் தன் பாரம் என்று அவள் ஒளித்து வைத்திருந்தது, திரிஷாவின் பெருமை. அதை வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமையே இல்லை.

நெற்றியிலிருந்து கையை இறக்கினாள். நான்கு எட்டில் போய்ச் சத்யராஜ் எதிரே நின்றாள்.

“பெட்டிய மூடாதீங்கப்பா.”

அவர் நிமிர்ந்தார். யாரோ, “அருள் வந்துடுச்சி,” என்றார்கள். வேணுகோபால் பம்பையைத் தூக்கினார்.

“அருள் இல்லண்ணா. அடிக்காதீங்க. நான் அனுதான் பேசறேன்.” அதிகாரி முன்னால் பேசுகிற குரல் அது. உரக்க, ஒரே சீராக, ஏரியின் அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி. “அம்மா, நீங்க தேடற அந்தப் பொண்ணு நான்தாம்மா. மூணாவதா கரையேறுனது நான்தான்.”

துளசியின் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்து, அவள் சத்யராஜையே பார்த்தாள்.

“அப்பா, அவ முடிச்சி அவுரல. எனக்குக் கட்டறதுக்குக் கொண்டாந்த கயித்தத் தண்ணி புடுங்கிக்கினு போச்சி. வெறும வந்தது அதுதான். அவ இடுப்புல இருந்தத அவளே அவுத்தா. அவுத்து என் இடுப்புல கட்டுனா. இழுங்கடின்னு கத்துனா. கரைக்கு வந்து, கேம்ப்புக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தும் அவ போட்ட முடிச்சி எளகலப்பா. கடைசியில டாக்டரு கத்திய வெச்சித்தான் அறுத்தாரு.”

சத்யராஜின் தோள் நிமிர்ந்தது, மூடியைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை மறுபடி முறத்தில் வைத்து அனுவிடம் நீட்டினார்.